ஆங்கிலக் கடிதத்தில் மரியாதையை எங்கே வைப்பது?

தமிழில் 'அனுப்பு', 'அனுப்புங்கள்' என்று வினையின் முடிவிலேயே மரியாதை வந்துவிடும். ஆங்கிலத்திலோ நீ, நீங்கள் இரண்டுக்கும் 'யூ'தான். அந்தக் குறையை ஈடுகட்ட நாம் 'சார்', 'கைண்ட்லி' என்று சேர்த்துக்கொண்டே போகிறோம். 'கைண்ட்லி செண்ட் த ஃபார்ம், சார்' என்றாலும் அது ஏவல்தான். படிப்பவருக்கு உத்தரவு போலத்தான் படும். 'குட் யூ செண்ட் மீ த ஃபார்ம், ப்ளீஸ்?' என்று கேள்வியாக்குங்கள். மரியாதை அதிலேயே வந்துவிடும்.

ஐஇஎல்டிஎஸ் ஜெனரல் டிரெய்னிங் என்ற ஆங்கிலத் திறன் தேர்வில் இதற்கு மதிப்பெண்ணே உண்டு. அதன் எழுத்துப் பகுதியில் முதல் கேள்வி ஒரு கடிதம்: குறைந்தது 150 சொற்கள், சுமார் 20 நிமிடம். எழுதத் தொடங்குமுன் யாருக்கு என்பதை முடிவு செய்யுங்கள். பெயர் தெரியாத அதிகாரி என்றால் 'டியர் சார் ஆர் மேடம்' என்று தொடங்கி 'யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி' என்று முடியுங்கள். 'டியர் மிஸ்டர் பிரவுன்' என்றால் 'யுவர்ஸ் சின்சியர்லி'. நண்பருக்கு 'டியர் டாம்', 'பெஸ்ட் விஷஸ்' போதும். 'மிஸ்டர் டாம்' என்று எழுதாதீர்கள். 'மிஸ்டர்' குடும்பப் பெயரோடுதான் சேரும். நம்மில் பலர் தவறுவது இங்கேதான்.

அடுத்தது சொல். 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்தபின் அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு புழங்கியது. 'பை - பர்ச்சேஸ்', 'ஆஸ்க் - என்கொயர்' என ஒரே பொருளுக்கு இரட்டைச் சொற்கள் இருப்பதற்கு அது பெரிய காரணம். ஒவ்வொரு ஜோடியிலும் இரண்டாவது சொல் அலுவலகக் கடிதத்துக்கு. 'புட் ஆஃப்' வேண்டாம், 'போஸ்ட்போன்' எழுதுங்கள். 'டோண்ட்' என்று சுருக்காமல் 'டூ நாட்' என்று விரியுங்கள். நண்பருக்கு 'பர்ச்சேஸ்' என்று எழுதினால், டீக்கடையில் செந்தமிழ் பேசியது போலாகும்.

எல்லாவற்றையும்விடக் கெடுப்பது கலப்பு. வாடகை வீட்டு ஹீட்டர் பற்றி 'ஐ ஆம் ரைட்டிங் டு கம்ப்ளெய்ன்' என்று முறையாகத் தொடங்கிவிட்டு, மூன்றாம் வரியில் 'ஸோ ஃபிக்ஸ் இட் குயிக்' என்றால் தொனி உடைந்துவிடும். 'ஐ வுட் பி கிரேட்ஃபுல் இஃப் யூ குட் ஹேவ் இட் ரிப்பேர்ட் பை ஃப்ரைடே' என்று மாற்றுங்கள். கெடு தேதி அப்படியே இருக்கிறது, அதட்டல்தான் போயிற்று. 'டூ த நீட்ஃபுல்' என்றும் முடிக்காதீர்கள். என்ன செய்ய வேண்டும் என்பது அதில் இல்லை.

கடைசி இரண்டு நிமிடம் சுருக்கங்களையும் ஏவல் வினைகளையும் மட்டும் தேடிப் பாருங்கள்.