முதல் டிரிப் வரவில்லை என்றால்: கிராமத்து டவுன் பஸ்ஸை நம்பியிருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கு

எங்கள் ஊருக்கு ஒரு நாளைக்கு நான்கு தடவைதான் டவுன் பஸ் வரும். முதல் டிரிப் காலை 6.10. போலியோ வந்த காலில் கேலிப்பர் என்கிற தாங்கியை மாட்டி, ஊன்றுகோலோடு நான் நிறுத்தத்துக்கு வந்து சேரவே இருபது நிமிடம் ஆகும். ஐப்பசி மழையில் ஒருநாள் எலும்பு மருத்துவரைப் பார்க்கக் கிளம்பி 8 மணி வரை நின்றேன், பஸ் வரவில்லை. கூட நின்றவர்கள் ஒவ்வொருவராகத் தெரிந்தவர் பைக்கில் ஏறிப் போனார்கள், ஒரு பையன் பால் வண்டியில் தொற்றிக்கொண்டான். எனக்கு இரண்டும் முடியாது. ஒரு டிரிப் நின்றால் மற்றவர்களுக்கு ஒரு மணி நேரம் போகும், நமக்கு அன்றைய நாளே போய்விடும், மருத்துவர் வாரம் ஒருநாள்தான் வருவார் என்றால் அந்த வாரமே போய்விடும்.

அதற்கப்புறம் பல மாதம் அலைந்து தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். தமிழ்நாட்டு அரசு டவுன் பஸ்ஸை நம்பி இருப்பவர்களுக்கு இது உதவும்.

முதலில், உங்கள் ஊர் முதல் பஸ் எங்கிருந்து வருகிறது என்று விசாரியுங்கள். பல கிராமங்களில் அது இரவு கடைசி டிரிப்பாக வந்து, ஊரிலோ அடுத்த ஊரிலோ தங்கி, காலையில் கிளம்பும் நைட் ஹால்ட் வண்டி. அப்படியானால் இரவு அது வரவில்லை என்றாலே காலை டிரிப் சந்தேகம்தான். எனக்கு இது தெரியாமல்தான் அன்றைக்கு மழையில் நின்றேன். இப்போதெல்லாம் முக்கியமான வேலை இருந்தால் முந்தின இரவே பஸ் வந்துவிட்டதா என்று டீக்கடை அண்ணனிடம் கேட்டுவிடுகிறேன், வரவில்லை என்றால் ஆட்டோவுக்கு அப்போதே சொல்லி வைக்கிறேன். நிறுத்தத்துக்கு எதிரே கடை வைத்திருப்பவர், வழக்கமாக வரும் கண்டக்டர், பஸ் நிலையத்து நேரக் காப்பாளர் அறை, இந்த மூன்று எண்களும் உங்கள் போனில் இருக்க வேண்டும். அன்றைக்கு வண்டி டிப்போவிலிருந்து கிளம்பியதா இல்லையா என்பது நேரக் காப்பாளருக்குத் தெரியும். "பஸ் வருமா" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். வழித்தட எண்ணைச் சொல்லி, இந்த நேரத்து சிங்கிள் எடுத்தாச்சா என்று கேளுங்கள், நேரான பதில் வரும். சிங்கிள் என்பது அவர்கள் பேச்சில் ஒருவழி நடை.

டிரிப் கட் ஆவதற்குக் காரணம் நிறைய. டிரைவர் விடுப்பு, வண்டி பிரேக் டவுன், மாற்று வண்டி இல்லாமை, பண்டிகை நேரத்தில் ஆட்களைச் சிறப்புப் பேருந்துக்கு எடுப்பது, வசூல் இல்லாத தடம் என்பது. எப்போதாவது ஒருநாள் நின்றால் பொறுத்துக்கொள்ளலாம். வாரத்தில் இரண்டு நாள் நிற்கிறது என்றால் கேட்டே ஆக வேண்டும், கேட்பதற்குக் கையில் கணக்கு வேண்டும்.

அதனால் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். தேதி, வழித்தட எண், வர வேண்டிய நேரம், வந்த நேரம், வராவிட்டால் "வரவில்லை", வந்தும் நிறுத்தாமல் போனால் வண்டியின் பதிவு எண். மூன்று வாரம் எழுதினால் போதும். நான் முதலில் "எங்கள் ஊருக்கு பஸ் சரியாக வருவதில்லை" என்று எழுதிக் கொடுத்த மனு எங்கே போனதென்றே தெரியவில்லை. இரண்டாவது தடவை, 21 நாளில் எந்தெந்தத் தேதியில் 6.10 வரவில்லை என்று அட்டவணை போட்டுக் கொடுத்தேன், கிளை மேலாளர் அலுவலகத்திலிருந்து நான்காம் நாளே போன் வந்தது. டிப்போவில் அவர்களிடமும் பதிவேடு இருக்கிறது, நம் தேதிகளை அதோடு ஒத்துப் பார்க்க முடியும் என்றால் மறுத்துப் பேச இடமில்லை.

டிக்கெட் விஷயம். சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசப் பயணம் 2021 மே மாதம் தொடங்கியது, அதே ஆண்டிலேயே மாற்றுத்திறனாளிகளுக்கும் உடன் வரும் ஒரு உதவியாளருக்கும் அது வந்தது. மாற்றுத்திறனாளி ஆண்களுக்கும் உண்டு, இது தெரியாமல் பலர் இன்னும் காசு கொடுத்துப் போகிறார்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டையைக் கையோடு வைத்திருங்கள். கட்டணமில்லாச் சீட்டை மறக்காமல் கேட்டு வாங்குங்கள். தெரிந்த கண்டக்டர் "உட்காருங்க, உங்களுக்கு என்ன டிக்கெட்டு" என்று அன்பாகத்தான் சொல்வார், ஆனால் சீட்டு கிழிக்காவிட்டால் நாம் ஏறிய கணக்கு எங்கேயும் ஏறாது, நாளைக்கு அந்தத் தடத்தில் ஆளே இல்லை என்பார்கள். வெளியூர் பஸ்ஸில் 75 சதவீதக் கட்டணச் சலுகை உண்டு, அதற்கு அட்டையின் நகலையும் எடுத்துப் போங்கள்.

இனி ஏறுவது. நம்மூர் டவுன் பஸ்ஸின் முதல் படி எனக்கு முழங்காலுக்கு வந்துவிடும். சென்னையில் 2024இல் மாநகரப் பேருந்துகளில் தாழ்தள வண்டிகள் வந்தன, அவற்றின் தளம் 400 மில்லிமீட்டர் உயரம்தான், நிறுத்தத்தில் ஒரு பக்கம் இன்னும் சாய்ந்தும் கொடுக்கும். கிராமத்துச் சாலைக்கு அது எப்போது வரும் என்று காத்திருக்க நமக்கு நேரமில்லை. நாங்கள் செய்தது இது: நிறுத்தத்தில் பஸ்ஸின் படி வந்து நிற்கும் இடத்தில் ஒரு அடி உயரத்துக்கு சிமென்ட் மேடை, ஒரு பக்கம் நீளமான சரிவு, பிடித்துக்கொள்ள ஒரு இரும்புக் குழாய். ஊராட்சியில் கேட்டுக் கட்டினோம். மேடையிலிருந்து ஏறும்போது அந்த முதல் படி பாதியாகிவிடுகிறது. மூட்டு வலிக்காரப் பாட்டிகளும் கர்ப்பிணிகளும் அதில்தான் வந்து நிற்கிறார்கள். சாலை நெடுஞ்சாலைத் துறையுடையது என்றால் அவர்கள் அனுமதி வேண்டும், அதை ஊராட்சித் தலைவர் மூலமாகவே கேளுங்கள். மேடை கட்டினால் மட்டும் போதாது, டிரைவர் அதை ஒட்டி நிறுத்த வேண்டும். வழக்கமாக வரும் டிரைவர்களிடம் ஒருநாள் நின்று பேசி, "அண்ணே, மேடையை ஒட்டி நிறுத்துங்க, நான் உள்ளே உட்காரும் வரை எடுக்காதீங்க" என்று சொல்லிவிடுங்கள். பெரும்பாலானவர்கள் மனமார்ந்து செய்வார்கள்.

சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்கு இந்த மேடையும் போதாது, ஆள் தூக்கித்தான் ஏற்ற வேண்டியிருக்கிறது, அது எனக்கு வேதனையாகவே இருக்கிறது. அப்படித் தூக்கும்போது எங்கே பிடிக்க வேண்டும், எங்கே பிடிக்கக் கூடாது என்பதைச் சொல்ல வேண்டியது நாற்காலியில் இருப்பவர்தான், அவர் சொல்லி முடிக்கும் வரை யாரும் கை வைக்க வேண்டாம். பார்வையற்றவர்கள் இறங்குமிடத்தை கண்டக்டரிடம் மட்டும் சொல்லாமல் பக்கத்து இருக்கைக்காரரிடமும் சொல்லி வைப்பது நல்லது, கூட்டத்தில் கண்டக்டர் பின்னால் மாட்டிக்கொள்வார். காது கேளாதவர்கள் ஊர்ப் பெயரைத் துண்டுக் காகிதத்தில் எழுதிக் காட்டலாம்.

சட்டத்தில் நமக்கு என்ன இருக்கிறது? மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016இன் 41ஆம் பிரிவு, பேருந்து நிறுத்தத்திலும் வாகனத்திலும் அணுகல் வசதி செய்வதை அரசின் பொறுப்பாகச் சொல்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2019 டிசம்பரில் திருத்தம் வந்து 2020 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது: முன்னுரிமை இருக்கை, கைப்பிடி, ஊன்றுகோல் வைக்க இடம், சக்கர நாற்காலியை நகராமல் பூட்டும் ஏற்பாடு எல்லாம் பேருந்தில் இருக்க வேண்டும். மாற்றுத்திறனாளியைப் பலர் முன்னிலையில் வேண்டுமென்றே அவமானப்படுத்துவது அந்த 2016 சட்டத்தின் 92ஆம் பிரிவின்படி குற்றம், ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை. இந்தக் கடைசிப் பிரிவை ஒரு சுடுசொல்லுக்கெல்லாம் எடுக்காதீர்கள், உண்மையிலேயே இழிவுபடுத்தியவர் மீது எடுக்கத் தயங்காதீர்கள்.

மனுவை முதலில் டிப்போ கிளை மேலாளருக்குக் கொடுங்கள், நகலை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கு. பத்து நாளில் அசைவில்லை என்றால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்குப் போங்கள், மனு எண் போட்ட ரசீது இல்லாமல் திரும்பாதீர்கள். போக முடியாதவர்கள் முதலமைச்சர் உதவி எண்ணான 1100க்கு போன் செய்து பதியலாம். மனு ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். இப்படி எழுதலாம்: "வழித்தடம் இன்ன எண், காலை 6.10 நடை, கீழ்க்கண்ட தேதிகளில் இயக்கப்படவில்லை. நான் ஊன்றுகோலுடன் நடப்பவன், எனக்கு வேறு வாகனம் இல்லை. இந்த நடையைத் தினமும் இயக்கவும், இயக்க முடியாத நாளில் வேறு பேருந்தை எங்கள் ஊர் வழியாகத் திருப்பி விடவும் வேண்டுகிறேன்." கடைசியில் சொன்ன அந்தக் கோரிக்கையை விட்டுவிடாதீர்கள், புது வண்டி கேட்பதைவிட பக்கத்துத் தடத்து வண்டியைச் சில கிலோமீட்டர் சுற்றி வரச் சொல்வது அவர்களுக்குச் சுலபம்.

கிராம சபைத் தீர்மானத்துக்கும் மதிப்பு இருக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் சபை கூடும். பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோரையும் சேர்த்துக்கொண்டு போங்கள், அவர்களுக்கும் இதே பஸ்தான்.

அதற்கும் பதில் இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டம். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, போக்குவரத்துக் கழகப் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். கேட்க வேண்டியது மூன்றே: அந்த மாதம் இந்தத் தடத்தில் திட்டமிட்ட சிங்கிள்கள் எத்தனை, இயக்கியது எத்தனை, இயக்காத ஒவ்வொன்றுக்கும் காரணம் என்ன. 30 நாளில் பதில் தர வேண்டும். அந்தப் பதிலையும் உங்கள் நோட்டையும் சேர்த்து, மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு அனுப்பலாம். அவர் ஒரு பரிந்துரை செய்தால், சம்பந்தப்பட்ட துறை எடுத்த நடவடிக்கையை மூன்று மாதத்துக்குள் அவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 81ஆம் பிரிவு சொல்கிறது.

எங்கள் 6.10 திரும்ப ஒழுங்காக வர ஆரம்பித்ததும் டிப்போவுக்கு நன்றி சொல்லி ஒரு கடிதம் எழுதினேன், மேடையை ஒட்டி நிறுத்தும் டிரைவரின் பெயரையும் அதில் குறிப்பிட்டேன். நோட்டை மட்டும் நிறுத்தவில்லை, இன்றைக்குக் காலையும் எழுதியிருக்கிறேன்: 6.10, வந்தது 6.17.