'டிஎம்ஏ நீக்கப்பட்டது': சரி, எங்கே போனது?

போன மாதம் ஒரு புது மாணவர் தன் லேப் நோட்டைக் கொண்டுவந்து காட்டினார். பாலிஎத்திலீனுக்கான மெட்டல்லோசீன் வினையூக்கியோடு (உலோக அணுவைக் கரிம வளையங்கள் நடுவில் பிடித்திருக்கும் வினையூக்கி) சேர்க்க, இப்போது இருப்பதைவிடப் பாதுகாப்பான துணைப்பொருள் ஒன்றைச் செய்வது அவர் வேலை. மூன்றாம் பக்கத்தில் 'டிஎம்ஏ (டிரைமெத்தில் அலுமினியம்) நீக்கப்பட்டது' என்று ஒரு வரி இருந்தது. பல வருடங்களுக்கு முன் நானே என் நோட்டில் எழுதிய அதே வரி, கிட்டத்தட்ட எழுத்து மாறாமல். அதைப் பார்த்த எரிச்சலில்தான் புதியவர்கள் செய்யும் தவறுகள் பற்றி இதை எழுதுகிறேன். கண்ணாடி போடு, கையுறை போடு என்பதெல்லாம் இதில் இருக்காது, அது உங்களுக்கே தெரியும்.

தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் பின்கதை. 1953இல் முல்ஹைமில் கார்ல் ஸீக்லர் டைட்டானியம் குளோரைடோடு அலுமினியம் அல்கைலைச் சேர்த்துச் சாதாரண அழுத்தத்திலேயே பாலிஎத்திலீன் செய்து காட்டினார். அன்றிலிருந்து இந்தத் துறை காற்றுப் பட்டாலே பற்றிக்கொள்ளும் திரவங்களோடுதான் குடித்தனம் நடத்துகிறது. டிரைஎத்தில் அலுமினியத்தை டிரைஎத்தில் போரானோடு கலந்து சாட்டர்ன் 5 ராக்கெட்டின் எஃப்-1 எஞ்சினுக்கே தீ வைத்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் 1970களின் கடைசியில் ஹாம்பர்க்கில் சின், காமின்ஸ்கி குழுவினர், டிரைமெத்தில் அலுமினியத்தில் கொஞ்சம் தண்ணீர் கலந்தால் சிர்க்கோனியம் மெட்டல்லோசீன் வினையூக்கி சாவதற்குப் பதில் பேயாட்டம் ஆடுவதைக் கண்டார்கள். அந்தத் தண்ணீர் உண்டாக்கியதுதான் மெத்தில் அலுமினாக்சேன், அதாவது எம்ஏஓ, வினையூக்கியைத் தூண்டிவிடும் துணைப்பொருள். அதோடு கொஞ்சம் டிரைமெத்தில் அலுமினியம், நம் டிஎம்ஏ, எப்போதும் ஒட்டிக்கொண்டே வரும். புதியவர்கள் எல்லோரும் கை வைப்பது அந்த ஒட்டுண்ணியின் மேல்தான்.

டிஎம்ஏவை எடுத்துவிட்டால் ஆபத்து போய்விட்டது என்று நினைப்பது

என் கதையைச் சொல்கிறேன். டொலுயீனில் 10 சதவீத எம்ஏஓ கரைசல். அதை வேக்யூமில் போட்டு, லேசாகச் சூடாக்கி, ராத்திரி முழுக்க இழுத்தேன். காலையில் ஃபிளாஸ்க்கில் வெள்ளை வெளேரென்று உதிரி உதிரியாகப் பவுடர். என்எம்ஆரில் (உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டும் நிறமாலை) டிஎம்ஏ சிகரம் பெரும்பாலும் காணாமல் போயிருந்தது. (முழுவதும் போகாது, கொஞ்சம் எம்ஏஓவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.) நோட்டில் 'டிஎம்ஏ நீக்கப்பட்டது' என்று எழுதி, கீழே கோடு வேறு போட்டேன். பவுடரை குளவ்பாக்ஸில் (காற்றுப் புகாத பெட்டி) வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன்.

நீக்கப்பட்டது, சரி, எங்கே போனது? டிஎம்ஏ கொதிப்பது 125 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே, டொலுயீன் 111இல். இரண்டும் அண்ணன் தம்பி மாதிரிச் சேர்ந்தே போய்க் கோல்ட் டிராப்பில் (ஆவி பம்புக்குப் போகாமல் குளிர வைத்துப் பிடிக்கும் குழாய்) உறைந்து கிடந்தன. பாட்டிலில் இருந்தபோது எம்ஏஓவுக்குள் பரவலாக இருந்த டிஎம்ஏ, இப்போது எம்ஏஓ இல்லாமல், கையளவு கண்ணாடிக் குழாய் ஒன்றில், லேபிள்கூட இல்லாமல்! அதற்குள் பனிக்கட்டி உருகியிருந்தது. அடுத்து பம்ப் தேவைப்பட்ட நண்பர், உள்ளே இருப்பது வெறும் டொலுயீன் என்று நினைத்து, கழுவ அசிட்டோன் பாட்டிலையும் திறந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு டிராப்பைக் கழற்றினார்.

பற்றிக்கொண்டது. அவர் புருவம் போனது, கையுறை உருகி விரலில் ஒட்டியது. ஃபியூம் ஹூட்டுக்குள் நடந்ததால் அதோடு நின்றது. மூன்று வாரம் லேப் பூட்டிக் கிடந்தது. பூட்டைத் திறந்த பிறகு பம்ப் எண்ணெயை மாற்றப் போனால் அதிலிருந்தும் வெள்ளைப் புகை, ஏனென்றால் ஒரே ஒரு டிராப்தான் போட்டிருந்தேன், மிச்சம் அதைத் தாண்டிப் பம்புக்கே போயிருக்கிறது. பம்பையும் தலைமுழுகினோம். நண்பர் என்னைத் திட்டவில்லை, அது இன்னும் மோசமாக இருந்தது.

இப்போது நான் செய்வது இது. ஒன்றன் பின் ஒன்றாக இரண்டு டிராப், இரண்டிலும் உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதிய அட்டை. முடிந்தவரை உலர்பனிக் குளியல் போதும், திரவ நைட்ரஜன் வைத்தால் சின்னக் கசிவுகூடக் காற்றிலிருக்கும் ஆக்சிஜனைத் திரவமாக்கி டொலுயீனோடு சேர்த்து வைக்கும், அது வேறு வெடிகுண்டு. டிஎம்ஏ 15 டிகிரியிலேயே உறையும் என்பதால் குழாய் அடைக்கிறதா என்று அவ்வப்போது ஒரு பார்வை. வேலை முடிந்ததும், கழற்றாமலேயே, ஆர்கான் ஓட்டத்தில் ஹெப்டேன் விட்டு நீர்க்க வைத்து, ஐஸில் வைத்து, டொலுயீனில் கலந்த ஐசோபுரோப்பனாலைச் சொட்டுச் சொட்டாக விடுகிறேன். குமிழி முழுக்க நின்ற பிறகு மெத்தனால், எல்லாம் அடங்கின பிறகுதான் தண்ணீர். வெளியேறும் மீத்தேனுக்கு வழி திறந்தே இருக்க வேண்டும். இதைச் செய்து முடிக்க அரை நாள் ஆகும். அந்த அரை நாளும் பரிசோதனையில் சேர்த்திதான், மறுநாள் வேறொருவர் செய்யும் வேலை அல்ல.

மாணவரிடம், எங்கே போனது என்று கேட்டேன். "அண்ணா, பவுடர் பத்திரமா குளவ்பாக்ஸ்ல இருக்கு" என்றார். பவுடரை நான் கேட்கவில்லை.

எடுப்பதற்குப் பதில் கட்டிப்போடலாம். பிஎச்டி (BHT, பட்டம் அல்ல) என்கிற பருமனான ஃபீனாலைச் சேர்த்தால் டிஎம்ஏவை அங்கேயே பிடித்துக்கொள்ளும். நான் இப்போது அந்தப் பக்கம்தான்.

பிஎச்டி போட்ட குப்பியை இறுக்கி மூடுவது

10 மில்லிமோல் ஃபீனாலுக்குக் கால் லிட்டர் மீத்தேன். மூடாதீர்கள்.

நீர்த்த கரைசல் பற்றாது என்று நம்புவது

பாட்டிலில் இருக்கும்வரை பற்றாது. சிரிஞ்சு முனையில் தொங்கும் சொட்டு டிஷ்யூ பேப்பரில் விழுந்து கரைப்பானான ஹெக்சேன் ஆவியானால், அங்கே மிஞ்சுவது நீர்த்த கரைசல் இல்லை.

எம்ஏஓவின் இரண்டாவது வேலையை மறப்பது

எம்ஏஓவை மொத்தமாகத் தூக்கிவிட்டு, அதன் இடத்தில் வினையூக்கியைத் தூண்டப் போரேட் (போரான்) உப்பைப் போடுகிறார்கள், பாலிமர் வரவில்லை, 'புதுப் பொருள் வேலை செய்யவில்லை' என்று அறிக்கை. ஒரு சிர்க்கோனியத்துக்கு ஆயிரம் அலுமினியம் என்ற கணக்கில் ஊற்றிக்கொண்டிருந்தபோது, அந்த ஆயிரத்தில் ஒரு பகுதி கரைப்பானிலும் எத்திலீனிலும் ஒளிந்திருந்த ஈரத்தையும் ஆக்சிஜனையும் தின்றுகொண்டிருந்தது. காவல்காரனை அனுப்பிவிட்டால் வேலியை நீங்கள்தான் சரிபார்க்க வேண்டும். போரேட்டோடு கொஞ்சம் டிரைஐசோபியூட்டைல் அலுமினியம் என்ற அல்கைலைச் சேர்ப்பது இதற்குத்தான். அப்படிச் சேர்த்துவிட்டு 'அல்கைல் இல்லாத முறை' என்று தலைப்பு வைக்காதீர்கள், அவ்வளவுதான்.

இன்னொன்று, போரேட் காற்றில் பற்றாது என்பது உண்மை. அதைச் செய்யத் தேவைப்படும் பென்டாஃப்ளூரோஃபீனைல் லித்தியம் குளிரிலிருந்து எழுந்தால் வெடிக்கும் என்பதும் உண்மை. உங்கள் பெஞ்சுக்குப் போரேட் வெள்ளைப் பொடியாக வந்துசேர்வதால் அந்த ஆபத்து கண்ணில் படுவதில்லை.

வெப்பக் கணக்கு போடாமல் புதுப் பொருளை ஊற்றுவது

ஒரு கிராம் எத்திலீன் பாலிமர் ஆனால் 3.3 கிலோஜூலுக்கு மேல் வெப்பம். 250 மில்லி டொலுயீனில் பத்து கிராம் பாலிமர் திடீரென்று வந்தால், குளிர்விப்பு கைகொடுக்காத பட்சத்தில் 80, 90 டிகிரி ஏறிவிடும். 'பாதுகாப்பான' பொருள் சில சமயம் பழையதைவிட வேகமானது. முதல் தடவை பத்தில் ஒரு பங்கு போடுங்கள்.

மணல் வாளி

தண்ணீர் கூடாது, கார்பன் டை ஆக்சைடும் கூடாது, உலர்ந்த மணல். வாளியில் இருப்பது மணல்தானா என்று கையை விட்டுப் பாருங்கள். அன்றைக்கு எங்கள் வாளியில் பாதிக்கு மேல் டிஷ்யூ பேப்பர்தான் இருந்தது.