சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய சுவரைச் சரிசெய்வது எப்படி

பழைய வீட்டுச் சுவரில் காரை பெயர்ந்து, உள்ளே செங்கல் மாவு மாவாக உதிர ஆரம்பித்ததும் எல்லாருக்கும் தோன்றுவது ஒன்றுதான்: கொத்தித் தள்ளிவிட்டு சிமெண்ட் பூசிவிடலாம். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். காரைக்குடிப் பக்கத்துப் பெரிய வீடு, கும்பகோணத்து அக்ரஹார வீடு, மயிலாப்பூரின் பழைய ஓட்டு வீடு, புதுச்சேரித் தெரு வீடு எதுவாக இருந்தாலும், 1940-க்கு முன்னால் கட்டியது என்றால் பெரும்பாலும் சுண்ணாம்புச் சாந்துதான். அந்தச் சுவருக்குச் சுண்ணாம்பைத்தான் கொடுக்க வேண்டும்.

காரணம் எளிது. நாட்டுச் செங்கல் மிருதுவானது, தண்ணீரை உறிஞ்சும். அடியிலிருந்து ஏறும் ஓதமும் மழையில் உள்ளே போகும் ஈரமும் வெளியேற ஒரு வழி வேண்டும். சுண்ணாம்புச் சாந்து அந்த வழியாக இருக்கிறது, ஈரத்தை உள்ளே விட்டாலும் வெளியேயும் விட்டுவிடும். சிமெண்ட் பூசினால் அந்த வழி அடைபடுகிறது. ஈரம் நின்றுவிடாது, சுவருக்குள்ளேயே மேலே ஏறும். முழங்கால் உயரத்தில் இருந்த ஓதம் இரண்டு மூன்று வருடத்தில் இடுப்பு உயரத்துக்கு வந்துவிடும். அதோடு கரைந்து வந்த உப்பு, பூச்சுக்குப் பின்னால் படிகமாகி செங்கல்லின் முகத்தையே உடைத்துத் தள்ளும். எங்கேயாவது பழைய மதில் சுவரில் கல்லுக்கும் கல்லுக்கும் இடையிலுள்ள இணைப்புகளில் மட்டும் சிமெண்ட் வைத்துப் பூசியிருந்தால் பக்கத்தில் போய்ப் பாருங்கள். சிமெண்ட் கோடுகள் அப்படியே முன்னால் துருத்திக்கொண்டு நிற்கும், நடுவில் இருந்த செங்கல் அரித்துக் குழிந்து தேன்கூடு மாதிரி ஆகியிருக்கும். சாந்து கல்லைவிட மிருதுவாக இருக்க வேண்டும், தேய்வதென்றால் சாந்துதான் தேய வேண்டும், கல் தேயக்கூடாது. இந்த வேலை முழுக்க இந்த ஒரு விதிதான்.

"சுண்ணாம்புக்கு பலம் ஏது?" என்று கேட்பவர்களிடம் முல்லைப் பெரியாறு அணையைச் சொல்லுங்கள். 1895-இல் முடித்த அணை, கல்லும் சுண்ணாம்பும் சுர்க்கி என்கிற செங்கல் பொடியும்தான். பின்னாளில் கான்கிரீட் கொடுத்துப் பலப்படுத்தினார்கள் என்றாலும் உள்ளே இருக்கும் உடம்பு அதுதான்.

சரி, வேலைக்கு வருவோம். கரண்டியைத் தொடுவதற்கு முன்னால் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடியுங்கள். இதைச் செய்யாமல் பூசுவது பணத்தைத் தெருவில் போடுவது. நம் ஊரில் பெரிய எதிரி தெருதான். சாலை போடும்போதெல்லாம் பழையதைச் சுரண்டாமல் மேலேயே போட்டுப் போட்டு, ஒரு காலத்தில் திண்ணைக்கு மூன்று படி ஏறிய வீடு இன்றைக்குத் தெரு மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது. வெளியே மண் மட்டம் உள்ளே தரை மட்டத்தைவிட உயர்ந்திருந்தால் சுவர் எப்போதும் நனைந்துதான் இருக்கும். சுவரை ஒட்டிக் கொட்டியிருக்கிற மண்ணை அகற்றுங்கள், சுவரோரம் போட்ட சிமெண்ட் தளத்தை உடைத்து, ஓர் அடி அகலத்துக்கு ஜல்லி நிரப்பி, தண்ணீர் வெளியே ஓடும்படி வாட்டம் கொடுங்கள். அஸ்திவாரத்தின் அடிவரை தோண்டிவிடாதீர்கள், அது வேறு ஆபத்து. அப்புறம் உடைந்த மழைநீர்க் குழாய், குளியலறைக் கசிவு, மாடிச் செடித்தொட்டி, ஏசியிலிருந்து சொட்டிக்கொண்டே இருக்கும் அந்தச் சின்னக் குழாய், இவற்றையெல்லாம் ஒவ்வொன்றாகப் பாருங்கள். புதுச்சேரிக் கடற்கரையில் இருந்த பழைய நகராட்சிக் கட்டடமான மேரி 2014 நவம்பர் மழையில் இடிந்தே விழுந்தது. கவனிக்காமல் விட்ட சுவரில் தண்ணீர் என்ன செய்யும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. ஓட்டைகளை அடைத்த பிறகு சுவர் காய சில மாதம் விடுங்கள். அவசரப்படாதீர்கள்.

காயும் நேரத்தில் பழைய சாந்தைச் சோதித்துப் பார்க்கலாம். நனையாத, யாரும் கை வைக்காத இடத்திலிருந்து ஒரு கைப்பிடி எடுங்கள். நகத்தாலோ கத்தியாலோ கீறினால் பொடியாக வரும், வெள்ளையாகவோ வெளிர் சிவப்பாகவோ இருக்கும் என்றால் சுண்ணாம்பு. சாம்பல் நிறத்தில், தட்டினால் கணீரென்று இருந்தால் பின்னாளில் யாரோ வைத்த சிமெண்ட். சுண்ணாம்பு என்று தெரிந்ததும் அதை லேசாக நொறுக்கி ஒரு கண்ணாடி டம்ளரில் போட்டு, நிறைய தண்ணீர் கலந்த அமிலத்தை, கடையில் கழிப்பறை கழுவ விற்கும் ஆசிட்டே போதும், கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். திறந்த வெளியில், கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, ஆசிட்டைத் தண்ணீரில் ஊற்றித்தான் கலக்க வேண்டும். நுரைத்துப் பொங்கி அடங்கியதும் அடியில் மிஞ்சுவது அந்தக் காலத்து மணல். அதை அலசிக் காயவைத்து உள்ளங்கையில் பரப்பிப் பாருங்கள்: பருமணலா பொடிமணலா, பழுப்பா சிவப்பா, நடுவில் செங்கல் பொடி தெரிகிறதா என்று எல்லாம் தெரிந்துவிடும். நீங்கள் தேட வேண்டிய மணல் அதுதான். கிளிஞ்சல் துண்டு ஏதாவது கலந்திருந்தால் அதுவும் அமிலத்தில் கரைந்துவிடும் என்பதால், ஆசிட் ஊற்றுவதற்கு முன்பே சாந்தை ஒரு தடவை உற்றுப் பார்த்துவிடுங்கள்.

அடுத்து சுண்ணாம்பு. மூட்டையில் வரும் தூள் சுண்ணாம்பை நான் நம்புவதில்லை. திறந்து நாளானால் காற்றைக் குடித்து உயிர் போய்விடும், அப்புறம் அது ஒட்டாது. காளவாயில் சுட்ட கல் சுண்ணாம்போ கிளிஞ்சல் சுண்ணாம்போ கட்டியாக வாங்குங்கள். ஒரு கட்டியைத் தண்ணீரில் போட்டால் கொஞ்ச நேரத்தில் சீறி, வெடித்து, கொதிக்க வேண்டும். சும்மா கிடந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

நீற்றுவதில்தான், அதாவது சுட்ட கட்டியைத் தண்ணீரில் போட்டு விழுதாக்குவதில்தான், கவனம் வேண்டும். தண்ணீரை முதலில் விட்டு அதில் சுண்ணாம்பைப் போடுங்கள், சுண்ணாம்பு மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள். பிளாஸ்டிக் வாளி இளகிவிடும், இரும்பு பீப்பாயோ செங்கல் தொட்டியோதான் சரி. கண்ணாடி, முழுக்கைச் சட்டை, ரப்பர் பூட்ஸ் கட்டாயம். குழந்தைகளும் நாயும் பக்கத்தில் வரவே கூடாது. கண்ணில் தெறித்தால் ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் சுத்தமான தண்ணீரால் விடாமல் அலசிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், பார்வையே போய்விடும். அடங்கியதும் சல்லடையில் வடிகட்டி, மேலே நான்கு விரல் தண்ணீர் நிற்கும்படி மூடி வையுங்கள். இணைப்புக்குக் குறைந்தது இரண்டு வாரம், பூச்சுக்கு ஒரு மாதம். அதற்கு மேல் எத்தனை மாதம் கிடந்தாலும் நல்லதுதான், நாள் ஆக ஆக வெண்ணெய்ப் பதம் கூடும்.

கலவை: ஒரு பங்கு சுண்ணாம்பு விழுதுக்கு மூன்று பங்கு மணல். அடிச்சுவர், குளியலறைப் பக்கம், மழைச் சாரல் அடிக்கும் முகம் என்றால் அந்த மூன்றில் ஒரு பங்கை செங்கல் பொடியாக மாற்றுங்கள். முறுக வெந்த கல்லின் பொடி வேண்டாம், மிதமாக வெந்த நாட்டுச் செங்கல்லை நைஸாக இடித்ததுதான் சுண்ணாம்போடு சேர்ந்து ஈரத்திலும் இறுகும். மணலில் உப்பு இருக்கக்கூடாது, கடல் மணலைக் கிட்டேயே கொண்டுவராதீர்கள். ஒரு பாட்டிலில் மணலும் தண்ணீரும் போட்டுக் குலுக்கி வைத்தால் மேலே எவ்வளவு வண்டல் படிகிறது என்று தெரிந்துவிடும், அதிகம் படிந்தால் அலசுங்கள்.

கலக்கும்போது விழுதும் மணலும் ஒட்டாமல் வறண்டு கிடக்கிற மாதிரி இருக்கும், கொத்தனார் உடனே மக்கைத் தூக்குவார். தண்ணீர் விட விடாதீர்கள். உலக்கையாலோ கட்டையாலோ இடித்துக்கொண்டே இருந்தால் கால் மணி, அரை மணியில் விழுதுக்குள் இருக்கும் தண்ணீரே வெளியே வந்து சாந்து இளகி, கரண்டியைக் கவிழ்த்தாலும் விழாமல் ஒட்டிக்கொள்ளும். அந்தக் காலத்தில் மாடு கட்டி ஆலையில் அரைத்தது இதற்காகத்தான். நல்ல சாந்தில் பாதி உழைப்பு இந்த இடிப்பதில்தான் இருக்கிறது. கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரைச் சேர்ப்பது நம் பக்கத்து வழக்கம், பூச்சுக்கு நல்ல குழைவு கொடுக்கும். ஆனால் அளவு மீறினால் சாந்து இறுகாது, சுவரில் ஓர் ஓரத்தில் பூசிப் பார்த்துவிட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். முட்டை வெள்ளைக்கரு எல்லாம் செட்டிநாட்டு வீட்டின் கடைசி வழவழப்புப் பூச்சுக்கு. உங்கள் ரிப்பேர் சாந்துக்கு அது வேண்டியதில்லை.

இன்னொன்று, "ரெண்டு கை சிமெண்ட் போட்டா சீக்கிரம் இறுகும் சார்" என்று கண்டிப்பாக யாராவது சொல்வார்கள். வேண்டாம். அது சிமெண்டாகவும் இருக்காது, சுண்ணாம்பாகவும் இருக்காது, ரெண்டுங்கெட்டான்.

இணைப்புகளைச் சுரண்டுவதை மெஷினிடம் கொடுக்காதீர்கள், கட்டர் கல்லின் விளிம்பைத் தின்றுவிடும். மெல்லிய உளியும் சின்னச் சுத்தியலும் போதும். இணைப்பின் அகலத்தைப் போல் இரண்டு மடங்கு ஆழம், குறைந்தது முக்கால் அங்குலம் போய், உதிராத பழைய சாந்து வந்ததும் நிறுத்துங்கள். தூசியைத் துடைத்து, முந்தின நாள் மாலையும் அன்று காலையும் தண்ணீர் தெளித்து, சுவர் ஈரமாக ஆனால் பளபளவென்று நீர் நிற்காமல் இருக்கும்போது சாந்தைக் குத்திக் குத்தி அடையுங்கள். கல்லின் முகத்துக்கு மேலே வராமல், ஒரு நூல் (அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) உள்ளே இருக்கும்படி விடுங்கள். நகத்தால் அழுத்தினால் லேசாகத் தடம் பதியும் பதம் வந்ததும் தேங்காய் நார்த் தூரிகையால் தட்டிவிடுங்கள், மேலே படிந்த வழவழப்பு போய் சாந்து மூச்சுவிடும்.

மாவாகிப்போன செங்கல்லை மாற்றுவதென்றால் ஒன்றொன்றாகத்தான். ஒரே நேரத்தில் வரிசையாக எடுத்தால் மேல்சுவர் இறங்கும். பழைய கல் மெல்லிசாக இருக்கும், இன்றைய சேம்பர் செங்கல் அளவிலும் ஒத்துவராது, கடினத்திலும் ஒத்துவராது. இடிக்கிற பழைய வீட்டிலிருந்து கல் வாங்குங்கள், கிடைக்காவிட்டால் பழைய கல்லையே மெதுவாக எடுத்துப் பின்பக்கம் நன்றாக இருந்தால் திருப்பி வையுங்கள். வைப்பதற்கு முன் கல்லை ஊறப்போட மறக்காதீர்கள்.

விரிசலில் அரசங்கன்றோ ஆலங்கன்றோ முளைத்திருந்தால் பிடித்து இழுக்காதீர்கள். வேர் சுவரையும் கூட்டிக்கொண்டு வரும், பாதி அறுந்தால் மறுபடி தழைக்கும். நான்கைந்து கல்லை எடுத்தாவது வேரை முழுசாக எடுத்துவிட்டுத் திரும்பக் கட்டுவதுதான் ஒரே வழி.

பூச்சை ஒரே தடவையில் கனமாகப் போட்டால் வெடிக்கும். ஒரு பூச்சு அரை அங்குலத்தைத் தாண்டக்கூடாது, அது இறுகிய பிறகே அடுத்தது. சிமெண்டுக்கு ஊற்றுகிற மாதிரி குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றாதீர்கள். சுண்ணாம்பு இறுக ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். காலையும் மாலையும் லேசாகத் தெளித்து, சுவரில் படாமல் முன்னால் ஒரு ஈரச்சாக்கைத் தொங்கவிட்டால் போதும், ஒரு வாரமாவது. சித்திரை வெயிலில் இதைக் காப்பாற்றுவது கஷ்டம், ஐப்பசி மழையில் முடியவே முடியாது. தையும் மாசியும்தான் சரியான மாதங்கள். உப்பு அதிகம் பூத்த சுவராக இருந்தால் முதல் பூச்சு உப்பைக் குடித்து ஒன்றிரண்டு வருடத்தில் உதிரலாம், அப்படி உதிரத்தான் அதைப் பூசுகிறோம். வேலை கெட்டுப்போயிற்று என்று நினைக்காமல் எடுத்துவிட்டு மறுபடி பூசுங்கள்.

கருங்கல் அடித்தளத்துக்கும் இதே கதைதான், கல் கடினமென்றாலும் இடையில் இருப்பது சுண்ணாம்பு. கல்லைச் சுற்றிப் புடைப்பாக சிமெண்ட் கோடு போடுவது பார்க்க அழகாகத் தோன்றும், அதன் மேல் விளிம்பில் தண்ணீர் தேங்கி உள்ளே போகும். மணலை வேகமாக அடித்துச் சுத்தம் செய்வதைக் கல்லுக்கும் செய்யாதீர்கள், செங்கல்லுக்கும் செய்யாதீர்கள். கோயில்களில் அப்படிச் செய்து கல்வெட்டு எழுத்துகள் மழுங்கிப்போனது நமக்குத் தெரிந்ததுதான். தண்ணீரும் நார்த் தூரிகையும் போதும்.

ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் விரிசல், வெளியே பிதுங்கிய சுவர், உத்தரத்தின் முனை இறங்கியது, இவை பூச்சு வேலை அல்ல. விரிசலின் இரண்டு பக்கமும் பென்சிலால் கோடு போட்டு தேதி எழுதி வையுங்கள், அல்லது குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டை ஒட்டுங்கள். நகர்ந்தாலோ கண்ணாடி உடைந்தாலோ, பழைய கட்டடம் பார்த்துப் பழகிய பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

எல்லாம் காய்ந்த பிறகு எமல்ஷன் அடித்து முழு உழைப்பையும் பாழாக்கிவிடாதீர்கள், அது இன்னொரு பிளாஸ்டிக் தோல். மிஞ்சிய விழுதையே மோர் பதத்துக்குக் கரைத்து, துணியில் வடிகட்டி, ஈரச் சுவரில் மெல்லிசாக மூன்று நான்கு கை வெள்ளையடியுங்கள். முதல் கை அடித்ததும் எதுவுமே தெரியாது, காயக் காயத்தான் வெளுக்கும், கனமாக அடித்தால் பொரிந்து விழும். வருடா வருடம் பொங்கலுக்கு ஒரு கை அடித்துக்கொண்டு வந்தால், மயிரிழை விரிசல் எல்லாம் அதிலேயே அடைபட்டுவிடும்.