ஒரே ட்ரேயில் பீஃபும் காய்கறியும்: ஓவனுக்குப் புதியவர்களுக்கான செய்முறை

அமெரிக்கா, கனடா வீடுகளில் வேலைநாள் இரவுகளுக்கு ‘ஷீட் பான் டின்னர்’ என்று ஒன்று செய்வார்கள். விளிம்பு தாழ்ந்த அகலமான ட்ரேயில் கறியையும் காயையும் பரப்பி ஓவனுக்குள் தள்ளிவிடுவதுதான் மொத்த வேலை. அடுப்படியில் நின்று கிளற வேண்டாம். கழுவப் போடுவது ஒரு ட்ரே, ஒரு கிண்ணம், ஒரு கத்தி. நறுக்கும் வேலையையும் சேர்த்தால் ஒரு மணி நேரத்துக்குள் சாப்பாடு மேசைக்கு வந்துவிடும்.

ஆனால் பல குறிப்புகளில் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி ஒரே நேரத்தில் வேகவைக்கச் சொல்வார்கள். அப்படிச் செய்யாதீர்கள். உருளைக்கிழங்கு வேக நாற்பது நிமிடம் பக்கம் ஆகும். மெலிதாக நறுக்கிய பீஃபுக்கோ பத்து நிமிடமே அதிகம். இரண்டையும் சேர்த்துப் போட்டால் கிழங்கு வேகும்போது கறி வறண்டு ரப்பராகியிருக்கும். ட்ரே ஒன்றுதான், ஆனால் பொருள்கள் மூன்று தவணையாக உள்ளே போக வேண்டும். இதையும் ஈரம் இல்லாமல் பார்த்துக்கொள்வதையும் பழகிவிட்டால் மீதி எல்லாம் எளிது.

என்ன கறி வாங்குவது?

பாதி வேலை கறிக்கடையிலேயே முடிகிறது. குழம்புக்கும் சுக்காவுக்கும் வாங்கும் தோள்பட்டைக் கறியும் கால் கறியும் இதற்கு ஆகாது. அவற்றில் இருக்கும் இணைப்புத் திசு கரைய நெடுநேரம் ஈரத்தில் வேக வேண்டும். சூடான, உலர்ந்த ஓவனில் அதற்கு நேரமும் இல்லை, தண்ணீரும் இல்லை. நம்மூர்க் கடையில் ‘அண்டர்கட்’ என்று கேளுங்கள். முதுகெலும்பின் அடியில் ஓடும், அதிகம் உழைக்காத தசை என்பதால் மெத்தென்று இருக்கும். விலை கூடத்தான், ஆனால் அரைக் கிலோ போதும். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு சர்லாயின் நன்றாக வரும். ஃபிளாங்க் ஸ்டேக்கும் சரி.

அண்டர்கட் கிடைக்கவில்லை, தொடைக்கறிதான் இருக்கிறது, அதுவும் எருமைக்கறி என்றால், குக்கரில் உப்பும் மஞ்சளும் போட்டு முதலில் வேகவைத்து, நீரை முழுக்க வடித்துவிட்டு, கடைசித் தவணையில் ட்ரேயில் சேருங்கள். வடித்த நீரைக் கொட்டிவிடாதீர்கள். மிளகும் சீரகமும் தட்டிப் போட்டால் அருமையான சூப்.

மூன்று, நான்கு பேருக்கு வேண்டியவை

பீஃப் 500 கிராம், நடுத்தர உருளைக்கிழங்கு 3, கேரட் 2, சிறிய காலிஃபிளவர் பாதி (அல்லது அதே அளவு புரோக்கோலி), குடைமிளகாய் 1, பெரிய வெங்காயம் 2, தோலுடன் பூண்டு 8 பல். எண்ணெய் 3 மேசைக்கரண்டி, புதிதாகப் பொடித்த மிளகு ஒன்றரைத் தேக்கரண்டி, சீரகத்தூள் அரைத் தேக்கரண்டி, சோயா சாஸ் 1 மேசைக்கரண்டி, உப்பு, அரை எலுமிச்சை, ஒரு கைப்பிடி கொத்தமல்லி.

இஞ்சி பூண்டு விழுது இல்லையே என்று தோன்றும். வேண்டுமென்றேதான் விட்டேன். இந்தச் சூட்டில் விழுது கறி வேகும் முன்னே ட்ரேயில் ஒட்டிக் கருகிக் கசக்கும். பூண்டைத் தோலோடு முழுதாகப் போட்டால் உள்ளே வெண்ணெய் போல வெந்துவிடும். சாப்பிடும்போது பிதுக்கிக் கறியோடு சேர்த்துக்கொள்ளலாம். தயிரில் ஊறவைப்பதும் வேண்டாம், ட்ரேயில் தண்ணீர் விடும்.

முதல் வேலை: ஓவனைச் சூடாக்குவது

220 டிகிரி செல்சியஸில் வையுங்கள். ஃபேன் ஓடும் ஓவன் என்றால் 200 போதும். ஓடிஜியில் (மேசைமேல் வைக்கும் சிறிய மின் ஓவன்) மேல் கம்பி, கீழ்க் கம்பி இரண்டும் எரியட்டும். குறைந்தது 15 நிமிடம் சூடேற வேண்டும், காலி ட்ரேயும் அதோடு சேர்ந்து சூடாகட்டும். சூடான ட்ரேயில் கிழங்கு விழும்போதே ‘சுர்’ரென்று சத்தம் வரும், அடிப்பக்கம் ஒட்டாமல் சிவக்க இது பெரிதும் உதவும்.

மைக்ரோவேவ் வைத்திருப்பவர்கள் அதில் கன்வெக்ஷன் வசதி (ஓவன் போலச் சூடான காற்றைச் சுழலவிடுவது) இருந்தால் மட்டுமே இதைச் செய்ய முடியும். வெறும் மைக்ரோவேவில் எதுவும் சிவக்காது, உலோக ட்ரேயையும் வைக்கக் கூடாது.

கறியை நறுக்குவது

இங்கே அவசரப்படாதீர்கள். கறியை அரை மணி நேரம் ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் சற்று இறுகி, கத்திக்கு வழுக்காமல் நிற்கும். இப்போது வெளிச்சத்தில் வைத்து உற்றுப் பாருங்கள். தசை நார்கள் ஒரே திசையில் கோடுகோடாக ஓடுவது தெரியும். அந்தக் கோடுகளுக்குக் குறுக்கே கத்தியை வைத்து ஒரு சென்டிமீட்டர் கனத்தில் வெட்டுங்கள். ஒரு துண்டு வெட்டியதும் அதன் முகத்தைப் பாருங்கள்: நீளமான கோடுகள் தெரிந்தால் திசை தவறு, கறியைத் திருப்பி வையுங்கள், பொடிப்பொடியாக நார் முனைகள் தெரிந்தால் சரி. நாரைக் கத்தியே குட்டையாக்கிவிட்டால் பல்லுக்கு வேலை குறைகிறது. ஒரே கறி திசை மாறி வெட்டினால் வேறு கறி மாதிரி இருக்கும், அந்த அளவுக்கு வித்தியாசம்.

கறி சற்று முற்றலாகத் தெரிந்தால் அரைத் தேக்கரண்டி ஆப்பசோடாவை இரண்டு மேசைக்கரண்டி தண்ணீரில் கரைத்துத் துண்டுகளில் பிசறி 15 நிமிடம் வைத்து, நன்றாக அலசிவிடுங்கள். காரத்தன்மை (மிளகாய்க் காரம் அல்ல, அமிலத்துக்கு எதிரான தன்மை) கூடும்போது புரதங்கள் சூட்டில் இறுக்கமாகப் பின்னிக்கொள்வது குறையும். கறி மிருதுவாக இருக்கும். சீனச் சமையலில் வழக்கமாகச் செய்வதுதான். இப்படிச் செய்தால் பிறகு போடும் உப்பைக் கொஞ்சம் குறையுங்கள்.

அடுத்தது உலர்த்துவது. தண்ணீர் 100 டிகிரியில் ஆவியாகும். கறி சிவந்து வறுத்த மணம் வருவதோ சுமார் 140 டிகிரிக்கு மேல். மேலே ஈரம் இருக்கும்வரை சூடு முழுவதும் அதை ஆவியாக்கவே செலவாகும். அதனால்தான் சிலர் வீட்டில் கறி வறுபடாமல் சாம்பல் நிறத்தில் அவிந்து வருகிறது. டிஷ்யூ பேப்பரோ சுத்தமான பருத்தித் துணியோ எடுத்து ஒவ்வொரு துண்டையும் ஒற்றி எடுங்கள். துணி என்றால் உடனே துவைக்கப் போட்டுவிடுங்கள். உலர்ந்த பிறகே சோயா சாஸ், பாதி மிளகு, ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் விட்டுப் பிசறி வையுங்கள்.

தவணை ஒன்று: கிழங்கும் கேரட்டும்

உருளைக்கிழங்கை 2 சென்டிமீட்டர் சதுரங்களாகவும், கேரட்டைச் சற்றுச் சாய்வாகவும் வெட்டி, நீரில் கிடந்திருந்தால் துடைத்து, ஒரு மேசைக்கரண்டி எண்ணெய், முக்கால் தேக்கரண்டி உப்பு, சீரகத்தூள் சேர்த்துப் பிசறுங்கள். சூடு தாங்கும் கையுறை போட்டு ட்ரேயை வெளியே எடுத்து, ஒரே அடுக்காகப் பரப்பி, கிழங்கின் வெட்டிய முகம் ட்ரேயில் படியும்படி வையுங்கள். பூண்டையும் போட்டு 20 நிமிடம். இடையில் கிளறத் தேவையில்லை.

தவணை இரண்டு

காலிஃபிளவர் பூக்கள், பெரிய துண்டுகளாக வெட்டிய வெங்காயம், குடைமிளகாய் மூன்றையும் மீதி எண்ணெயும் கொஞ்சம் உப்பும் சேர்த்துப் பிசறுங்கள். ட்ரேயை எடுத்துக் கிழங்கை ஒருமுறை புரட்டிவிட்டு இவற்றைச் சேருங்கள். 10 நிமிடம். பீன்ஸ், காளான் எதுவானாலும் இந்தத் தவணையில்தான். காளானை மட்டும் கழுவி ஊறவிடாமல் துடைத்துப் போடுங்கள். கத்தரிக்காய் என்றால் முதல் தவணையிலேயே பாதி நேரத்தில் சேர்க்கலாம். தக்காளியைத் தவிர்ப்பது நல்லது.

தவணை மூன்று: பீஃப்

காய்களை ஓரங்களுக்கு ஒதுக்கி நடுவில் இடம் பண்ணுங்கள். ஓவன் கதவு திறந்தே கிடக்க வேண்டாம், சூடு மளமளவென இறங்கிவிடும். துண்டுகளை ஒன்றோடொன்று தொடாமல் பரப்புங்கள். நெருக்கி அடுக்கினால் ஒவ்வொன்றும் விடும் ஆவியில் பக்கத்துத் துண்டு அவியும். ட்ரே சிறியதென்றால் கறியை இரண்டு முறையாக வையுங்கள், அல்லது அளவைப் பாதியாக்குங்கள்.

8 நிமிடம் கழித்து ஆகக் கனமான துண்டை வெட்டிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பு மறைந்து சாறு தெளிவாக இருந்தால் எடுத்துவிடலாம். இல்லாவிட்டால் இன்னும் 2 நிமிடம். சமையல் தெர்மாமீட்டர் இருப்பவர்களுக்குக் குழப்பமே இல்லை: அமெரிக்க வேளாண் துறை முழுத் துண்டு மாட்டிறைச்சிக்கு 63 டிகிரியும் அதன்பின் 3 நிமிட ஓய்வும், கொத்துக்கறிக்கு 71 டிகிரியும் சொல்கிறது. நன்றாக வெந்த கறியே பிடிக்கும் என்பவர்கள் எதற்கும் 71 என்றே வைத்துக்கொள்ளலாம். ஓரங்கள் இன்னும் சிவக்க வேண்டுமானால் கடைசி 2 நிமிடம் மேல் கம்பியை மட்டும் எரியவிட்டுப் பக்கத்திலேயே நில்லுங்கள்.

வெளியே எடுத்து மூன்று நிமிடம் அப்படியே விடுங்கள். பிறகு மீதி மிளகைத் தூவி, எலுமிச்சை பிழிந்து, கொத்தமல்லி போட்டு, ட்ரேயின் அடியில் ஒட்டியிருக்கும் சாற்றைக் கரண்டியால் சுரண்டி எல்லாவற்றின் மேலும் புரட்டுங்கள். மிளகை இரண்டாகப் பிரித்ததற்குக் காரணம் உண்டு: ஓவனுக்குள் போன மிளகு காரத்தைத் தரும், மணம் இந்தக் கடைசி மிளகில்தான்.

கிழங்கு இருப்பதால் தனியாகச் சோறு தேவைப்படாது. வேண்டுமென்பவர்கள் ஒரு ரசம் வைத்துச் சோற்றோடு சாப்பிடலாம், பொருத்தமாக இருக்கும். ட்ரே ஆறும் முன் வெந்நீர் ஊற்றி ஊறவிட்டால் தேய்க்கும் வேலை குறையும். மிஞ்சினால் இரண்டு மணி நேரத்துக்குள் மூடிய டப்பாவில் ஃப்ரிட்ஜுக்குள் போய்விட வேண்டும்; மூன்று நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். மறுநாள் மைக்ரோவேவில் வைத்தால் கறி இறுகும். தோசைக்கல்லைக் காயவைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, ஆவி பறக்கும்வரை புரட்டி எடுத்துச் சப்பாத்திக்குள் சுருட்டிக் கொடுங்கள்.