அமிலம், காரம்: பெயரைப் பார்த்து ஏமாறும் இடங்கள்

தமிழில் வேதியியல் படிக்கிறவர்களுக்கென்றே ஒரு குழப்பம் இருக்கிறது. மிளகாயும் காரம், சோடியம் ஹைட்ராக்சைடும் காரம். இதில் யாரும் ரொம்ப நாள் ஏமாறுவதில்லை. படிகாரத்தில்தான் ஏமாறுவார்கள். பெயரிலேயே காரம் இருக்கிறதே என்று அதன் கரைசலில், காரம் பட்டால் நீலமாகும் சிவப்பு லிட்மஸ் தாளைத் தோய்த்தால் ஒன்றும் நடக்காது, நீலத் தாளைத் தோய்த்தால் சிவப்பாகும், ஏனென்றால் படிகாரக் கரைசல் அமிலத்தன்மை கொண்டது. வெங்காரம் மட்டும் பெயருக்கு ஏற்றபடி காரமாகவே நடந்துகொள்ளும். ஆகவே பெயரை விடுங்கள். தண்ணீரில் போட்டதும் ஹைட்ரஜன் அயனி (அயனி என்றால் மின்னூட்டம் உள்ள துகள்) மிஞ்சுகிறதா, ஹைட்ராக்சைடு அயனி மிஞ்சுகிறதா என்று கேளுங்கள், முன்னது அமிலம், பின்னது காரம்.

வேதி வாய்பாட்டை மட்டும் பார்த்துத் தீர்ப்பு சொல்வதும் இதே ரகம்தான். அசிட்டிக் அமில மூலக்கூறில் நான்கு ஹைட்ரஜன் இருக்கிறது, ஆனால் அயனியாக வெளியே வருவது ஒன்றே ஒன்று, மற்ற மூன்றும் கார்பனை விட்டு அசையாது. எத்தனாலில் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த தொகுதி இருக்கிறதே என்று அதைக் காரம் என்று எழுதுகிறவர்களும் உண்டு. அது ஹைட்ராக்சைடு அயனியைத் தராது, எனவே காரம் இல்லை. இப்படித் தடுக்கி விழுந்தவர்களில் பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியரும் ஒருவர்: எல்லா அமிலத்திலும் ஆக்சிஜன் இருக்கும் என்று நம்பி, அதற்கு ‘அமிலத்தை உண்டாக்குவது’ என்று பொருள்படும் கிரேக்கப் பெயரையே வைத்தார். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஆக்சிஜனே கிடையாது என்று 1810 வாக்கில் ஆங்கில வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி காட்டினார். பெயர் மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

சரி, அதிக மதிப்பெண் போகும் இடத்துக்கு வருவோம். வலிமையும் செறிவும் ஒன்றில்லை. செறிவு என்பது ஒரு லிட்டரில் எவ்வளவு அமிலம் போட்டீர்கள் என்பது, வலிமை என்பது போட்டதில் எத்தனை பங்கு அயனியாகப் பிரிகிறது என்பது. 0.1 மோலார் (லிட்டருக்கு 0.1 மோல்) ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஏறக்குறைய எல்லாமே பிரிந்துவிடும், அதன் பிஎச் 1 (பிஎச் என்பது ஹைட்ரஜன் அயனியின் செறிவைக் காட்டும் எண்: 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம், ஓர் எண் குறைந்தால் அயனி பத்து மடங்கு கூடும்). அதே 0.1 மோலார் அசிட்டிக் அமிலத்தில் நூற்றுக்கு ஒன்று அல்லது ஒன்றரை மூலக்கூறுதான் பிரியும், பிஎச் 2.9 பக்கம் நிற்கும். இப்போது ஒரு கேள்வி: இரண்டிலும் 25 மில்லி எடுத்தால், நடுநிலையாக்க எதற்கு அதிக சோடியம் ஹைட்ராக்சைடு வேண்டும்? வலிமையானதற்குத்தான் என்று பாதிப் பேர் சொல்வார்கள். இரண்டுக்கும் ஒரே அளவுதான் வேண்டும். அசிட்டிக் அமிலத்தில் இருக்கும் கொஞ்சம் ஹைட்ரஜன் அயனி தீரத் தீர, பிரியாமல் இருந்த மூலக்கூறுகள் பிரிந்து அந்த இடத்தை நிரப்பிக்கொண்டே இருக்கும், அதனால் கடைசியில் எல்லாமே காரத்தோடு வினைபுரிந்துவிடும்.

பிஎச் எண்ணைச் சாதாரண எண் மாதிரி கூட்டிக் கழிப்பது அடுத்தது. பிஎச் 2 உள்ள வலிமையான அமிலக் கரைசலையும் பிஎச் 4 உள்ள இன்னொன்றையும் சம அளவில் கலந்தால் 3 வரும் என்று தோன்றும். வராது. முதலாவதில் லிட்டருக்கு 0.01 மோல் ஹைட்ரஜன் அயனி, இரண்டாவதில் 0.0001 மோல்தான், அதாவது நூறில் ஒரு பங்கு. கலந்தால் 0.00505, பிஎச் 2.3. இரண்டாவது கரைசல் கிட்டத்தட்ட வெறும் தண்ணீர் ஊற்றியது போலத்தான். அப்புறம், அமிலத்தில் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் அது 7ஐத் தாண்டிக் காரமாகாது, 7ஐ நெருங்கி நின்றுவிடும்.

நடுநிலையாக்கல் முடிந்தால் பிஎச் எப்போதும் 7 என்பதும் தவறு. மேலே சொன்ன அசிட்டிக் அமிலத்தை 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடோடு சரியாக முடித்தால் 8.7 பக்கம் வரும், ஏனென்றால் மிஞ்சும் அசிட்டேட் அயனி தண்ணீரிலிருந்து கொஞ்சம் ஹைட்ரஜனைப் பிடுங்கிக்கொள்கிறது. வினை முடிந்ததை நிறம் மாறிக் காட்டும் நிறங்காட்டிகளில், இங்கே பினாப்தலின் சரியாக வேலை செய்யும். மெத்தில் ஆரஞ்சைப் போட்டால் மூன்றில் ஒரு பங்கு வழியிலேயே மஞ்சளாகி, முடிந்துவிட்டது என்று பொய் சொல்லும். இன்னொன்று, பினாப்தலின் நிறமில்லாமல் இருந்தால் அமிலம் என்று எழுதிவிடாதீர்கள், தூய தண்ணீரிலும் அதற்கு நிறம் கிடையாது. வாயுவைச் சோதிக்கும்போது லிட்மஸ் தாளை நனைத்துக்கொள்ளுங்கள், தண்ணீர் இல்லாமல் அயனி எங்கிருந்து வரும்?

பள்ளியில் தரம்பார்த்தல் (அமிலமும் காரமும் எவ்வளவுக்கு எவ்வளவு வினைபுரிகிறது என்று அளந்து செறிவைக் கண்டுபிடிப்பது) செய்தபோது மூன்று முறை செய்தும் எனக்கு அளவு ஒத்துவரவில்லை. கடைசியில் பார்த்தால், பிப்பெட்டில் (குறிப்பிட்ட அளவை உறிஞ்சி எடுக்கும் குழாய்) எடுக்கும் கரைசலாலேயே கூம்புக் குடுவையையும் கழுவியிருக்கிறேன், ஒட்டிக்கொண்ட துளிகள் ஒவ்வொரு முறையும் கணக்கில் ஏறிவிட்டன. பியூரெட்டையும் (துளித்துளியாக ஊற்றி அளக்கும் குழாய்) பிப்பெட்டையும் அதனதன் கரைசலால் கழுவ வேண்டும், குடுவைக்கு வாலை வடிநீர் மட்டும் போதும். பியூரெட்டின் மேல் புனலை விட்டுவைக்காதீர்கள், அதிலிருந்தும் சொட்டும்.

அடர் கந்தக அமிலத்தை நீர்க்கச் செய்யும்போது தண்ணீரில் அமிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்க வேண்டும். மாற்றிச் செய்தால், அமிலத்தின் அடர்த்தி தண்ணீரைப் போல 1.84 மடங்கு என்பதால் தண்ணீர் மேலேயே நின்று, அங்கேயே கொதித்து, அமிலத்தையும் சேர்த்து முகத்தில் தெறிக்கும். காரம்தானே என்று சோடியம் ஹைட்ராக்சைடை லேசாக நினைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு இன்னும் பயம், அது தோலின் கொழுப்பையே சோப்பாக்கிக்கொண்டு உள்ளே இறங்கும், கண்ணில் பட்டால் பல அமிலங்களைவிட மோசம். மேலே எது பட்டாலும் எதிர்க் கரைசலைத் தேடி ஓட வேண்டாம், அந்த நடுநிலையாக்கலே சூடு கிளப்பும். குழாயைத் திறந்துவிட்டு, ஓடும் தண்ணீரில் குறைந்தது 20 நிமிடம் காட்டுங்கள், கண் என்றால் கழுவிய கையோடு மருத்துவரிடம் போய்விடுங்கள்.