பயிற்சி நாளில் பந்தயக் கேரேஜைச் சுற்றிப் பார்ப்பது எப்படி

நீண்ட நேரக் கார் பந்தயம் ஒன்றைப் பார்க்க மதுரையிலிருந்து கிளம்புகிறவருக்கு ஒரே ஒரு நாள்தான் கிடைக்கும் என்றால், பந்தய நாளை விட்டுவிட்டு அதற்கு முந்தைய பயிற்சி நாளில் போகும்படிதான் நான் சொல்வேன். பந்தயத்தின்போது பிட் லேனை, அதாவது கேரேஜ்களுக்கு முன்னால் ஓடும் பாதையை, பார்வையாளர்களுக்கு அடைத்துவிடுவார்கள். மேடையில் உட்கார்ந்திருப்பவருக்கு இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஓர் இரைச்சலும் ஒரு வண்ணக் கீற்றும் மட்டுமே மிஞ்சும். பயிற்சி நாளிலோ அதே கார் முன்மூடி கழற்றப்பட்டு, சக்கரங்கள் இல்லாமல், நமக்குச் சில அடி தூரத்தில் ஜாக்கியின்மேல் நிற்கும். அதன் அடியில் படுத்திருக்கும் மெக்கானிக் கையை மட்டும் வெளியே நீட்டி ஸ்பானர் கேட்பார். காரைவிட அந்தக் கைகளைப் பார்க்கத்தான் இவ்வளவு தூரம் போகிறோம் என்பது என் எண்ணம்.

முதலில் எங்கே போவது என்பதைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். பழகிக்கொள்வதற்கு நமக்குப் பக்கத்தில் இருப்பது கோயம்புத்தூரை அடுத்த செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே. ஆரப்பாளையத்தில் விடியற்காலைக் கோவைப் பேருந்தைப் பிடித்து, தாராபுரம் வழியாகப் பல்லடத்தில் இறங்கிக்கொண்டால் கோவை நகர நெரிசலுக்குள் போக வேண்டியதில்லை. அடுத்தது ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் உள்ள தளம். சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுபாதையில் பந்தயம் நடத்திவந்த மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், 1990-இல் திறந்த இந்தத் தளத்தின் ஒரு சுற்று 3.7 கிலோமீட்டர். இரவுப் பேருந்தில் போகிறவர்கள் கிளாம்பாக்கத்தில் இறங்கி, வெளிவட்டச் சாலை வழியாக நசரத்பேட்டை போய், அங்கிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் திரும்பலாம்.

ஆனால் இவ்விரு இடங்களிலும் நடப்பவை பெரும்பாலும் குறுகிய பந்தயங்கள். பாதியில் ஓட்டுநர் மாறுவதும் எரிபொருள் நிரப்புவதும் அவற்றில் இராது. அதைப் பார்க்கக் கடல் கடந்துதான் போக வேண்டும். நமக்கு எட்டக்கூடியவை இரண்டு: 2006 முதல் 24 மணி நேரப் பந்தயம் நடக்கும் துபாய் ஆட்டோட்ரோம், கோலாலம்பூர் விமான நிலையத்தின் அருகிலேயே இருக்கும் செபாங். முன்னது ஒரு சுற்று 5.39 கிலோமீட்டர், பின்னது 5.543 கிலோமீட்டர். மதுரை, மேலூர், இராமநாதபுரம் பக்கத்துக் குடும்பங்களில் துபாயிலோ மலேசியாவிலோ ஒரு மாமாவோ சித்தப்பாவோ இல்லாத வீடு குறைவு என்பதால், தங்குமிடத்தைப் பற்றி நான் எழுத வேண்டியதில்லை. 2025 ஜனவரியில் நடிகர் அஜித் குமாரின் அணி துபாயில் போர்ஷே கார்களுக்கான 992 பிரிவில் மூன்றாம் இடம் பெற்ற பிறகு, இந்தப் பந்தயத்தின் பெயர் நம் ஊர்த் தேநீர்க் கடை வரைக்கும் வந்துவிட்டது. அந்தப் பந்தயத்துக்கு முந்தைய பயிற்சியில்தான் அவர் ஓட்டிய கார் தடுப்பில் மோதிச் சுழன்றது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், பயிற்சி என்பது சும்மா ஓட்டிப் பார்ப்பதில்லை என்பது விளங்கும்.

992, ஜிடி3, ஜிடி4 என்று பிரிவுகளின் பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். நம் பக்கத்து மாட்டுவண்டிப் பந்தயத்தில் பெரிய மாடு, நடுமாடு, கரிச்சான், பூஞ்சிட்டு என்று பிரிப்பதில்லையா, அதே கணக்குத்தான். வண்டியில் சாரதிக்குத் துணைச்சாரதி இருப்பதுபோல் இங்கும் ஒரு காருக்கு மூன்று, நான்கு ஓட்டுநர்கள் இருப்பார்கள். ஆனால் ஒருவர் மாற்றி ஒருவராகத்தான் ஏறுவார்கள். பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. மேலூர்ச் சாலையில் பெரிய மாடும் சிறிய மாடும் தனித்தனியே ஓடும். இங்கே எல்லாப் பிரிவும் ஒரே நேரத்தில், ஒரே பாதையில் ஓடும். ஆகவே கேரேஜ்களைச் சுற்றும்போது கதவில் உள்ள பிரிவின் பெயரை முதலில் படித்துவிடுங்கள். பத்தொன்பதாவது இடத்தில் இருக்கும் கார் தன் பிரிவில் முதலாவதாக இருக்கலாம். அந்தக் கேரேஜில் முகங்கள் ஏன் மலர்ந்திருக்கின்றன என்பது அப்போதுதான் புரியும்.

உடை விஷயத்தில் நான் பட்ட அனுபவத்தையே சொல்லிவிடுகிறேன். முதல்முறை போனபோது, வெயிலுக்கு இதம் என்று நினைத்து, தோல் செருப்போடு போனேன். வாசலில் நின்றவர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை; காலை மட்டும் பார்த்துவிட்டுக் கையை ஆட்டினார். நெடுஞ்சாலையோரக் கடை ஒன்றில் அளவு பொருந்தாத கான்வாஸ் ஷூ வாங்கி மாட்டிக்கொண்டு திரும்புவதற்குள் காலைப் பயிற்சி முடிந்துவிட்டது. மூடிய காலணி, முழுக்கால் சட்டை, பருத்திச் சட்டை ஆகியவை போதும். தோளில் தொங்கி ஆடும் பை வேண்டாம். காதுக்குப் பஞ்சு போதாது. மருந்துக் கடையில் கிடைக்கும் நுரை அடைப்பான்களை இரண்டு மூன்று ஜோடி வாங்கிக்கொள்ளுங்கள், ஒன்று கட்டாயம் தொலையும். சிறுவர்களைப் பிட் லேனுக்குள் விடாத தளங்கள் பல உண்டு. பிள்ளையை அழைத்துப் போகிறவர்கள் வயது வரம்பை முன்பே கேட்டுக்கொள்வது நல்லது. துபாயில் ஜனவரி இரவு நம் மார்கழியைவிடக் குளிரும். ஒரு ஸ்வெட்டர் கனமாகிவிடாது.

உள்ளே நுழைந்ததும் எங்கே நிற்பது என்பதுதான் தலையாய பாடம். அலங்காநல்லூரில் வாடிவாசலுக்குப் பின்னால் காளைகள் வரிசையில் நிற்கும் இடத்தில் நடந்து பழகியவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை: எந்தப் பக்கம் பாயும் என்று தெரியாததன் பின்னால் நிற்கக் கூடாது. பயிற்சி முடிந்து வரும் காரை மெக்கானிக்குகள் பின்னோக்கித் தள்ளித்தான் கேரேஜுக்குள் கொண்டுபோவார்கள். எஞ்சின் அணைந்திருப்பதால் சத்தமே வராது. தள்ளுகிறவர்களுக்கோ பின்னால் நிற்பவர் தெரியாது. ஹைபிரிட் கார்கள் ஓடும் பெரிய பந்தயங்களில், மின்மோட்டாரிலேயே அரவமில்லாமல் நகரும் கார்களும் உண்டு; அவற்றில் சிவப்பு விளக்கு எரியும்போது, சொந்த அணியின் மெக்கானிக்குகளே தொட மாட்டார்கள். இரு கேரேஜ்களுக்கு நடுவே உள்ள தூணுக்கு முன்னால், முதுகைத் தூணுக்குக் கொடுத்து நிற்பதே நான் கண்ட பத்திரமான இடம். டயர் தள்ளுவண்டி அங்கே வராது. இரண்டு கேரேஜையும் பார்க்கலாம். தரையில் ஓடும் காற்றுக் குழாயை மிதிக்காமல் தாண்டுங்கள்.

பிட் லேனையும் பந்தயப் பாதையையும் பிரிக்கும் பிட் சுவரின்மேல் ஏற வேண்டாம் என்பதற்கு ஒரு சான்று போதும். கோயம்புத்தூர்க்காரரான நரேன் கார்த்திகேயன் 2009-இல் பிரான்சின் லே மான் 24 மணி நேரப் பந்தயத்துக்குப் போனார். தொடங்குவதற்குச் சற்று முன்பு பிட் சுவரிலிருந்து குதித்ததில் தோள்பட்டை விலகி, பந்தயத்தில் ஓட்ட முடியாமல் போனது. ஃபார்முலா 1 ஓட்டிய உடம்புக்கே அந்தக் கதி. மூன்றாண்டு கழித்து 2012-இல் சென்னையின் கருண் சந்தோக் அதே பந்தயத்தை ஓட்டி, அவருடைய கார் ஒட்டுமொத்தத்தில் ஆறாவதாக வந்தது.

இனி எதைப் பார்ப்பது. கார் உள்ளே வந்து சக்கரம் கழன்றதும் எல்லாரும் எஞ்சினை எட்டிப் பார்ப்பார்கள். நீங்கள் பிரேக்கைப் பாருங்கள். டிஸ்க்கின் விளிம்பில் பச்சை, ஆரஞ்சு, சிவப்பு என்று மூன்று வண்ணப் பூச்சு வைத்திருப்பார்கள். ஒவ்வொரு வண்ணமும் ஒரு குறிப்பிட்ட சூட்டைத் தாண்டினால் வெளுத்துவிடும் தன்மையுடையது. எது வெளுத்திருக்கிறது, எது அப்படியே இருக்கிறது என்பதைக் குனிந்து பார்த்தே, டிஸ்க் எவ்வளவு சூடானது என்று மெக்கானிக் அறிந்துகொள்வார். மூன்றும் வெளுத்திருந்தால் பிரேக்குக்குக் காற்றுக் கொண்டுவரும் குழாயின் வாயில் ஒட்டியிருக்கும் டேப்பில் ஒரு விரல் அகலத்தை உரித்தெடுப்பார். ஒன்றும் வெளுக்கவில்லை என்றால் இன்னும் ஒரு பட்டை ஒட்டுவார். கோடிக்கணக்கில் விலைபோகும் காரின் பிரேக் சூட்டை ஒரு துண்டு டேப் தீர்மானிப்பதைப் பார்க்கும்போது நம் ஊர்ப் பட்டறைக்காரருக்குச் சற்றே பெருமிதம் வரும்.

அதே கேரேஜின் ஓரத்தில் பிரேக் பேடுகளும் டிஸ்க்குகளும் வரிசையாக அடுக்கியிருக்கும். அவற்றில் எந்தச் சக்கரத்துக்கு என்று மார்க்கரால் எழுதியிருக்கும். பந்தயத்தின் நடுவில், நள்ளிரவுக்கு மேல் மாட்டப்போகும் புதிய பேடுகள் அவை. புதுத் தோசைக்கல்லை வாங்கிய அன்றே விருந்தாளிக்குத் தோசை வார்க்க முடியாது; எண்ணெய் தடவிச் சூடேற்றிப் பழக்கிய பிறகுதான் ஒட்டாமல் எழும்பும். புதுப் பேடும் அப்படித்தான். பயிற்சியில் சில சுற்றுகள் ஓட்டி, சூடேற்றி, ஆறவிட்டுப் பதப்படுத்திக் கழற்றி வைத்துவிடுவார்கள். கார் ஏன் இரண்டு மூன்று சுற்றிலேயே திரும்பத் திரும்ப உள்ளே வருகிறது, ஏதும் கோளாறோ என்று பக்கத்தில் நிற்பவர் கேட்டால், பெரும்பாலும் இதுவாகவும் இருக்கலாம் என்று சொல்லலாம்.

டயரில் பார்க்க வேண்டியது ஊசியை. கார் நின்ற மறுநொடி ஒருவர் ஊசி முனையுள்ள வெப்பமானியோடு ஓடிவந்து, ஒவ்வொரு டயரிலும் உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு என்று மூன்று இடத்தில் குத்தி எண்களைச் சொல்ல, மற்றொருவர் எழுதிக்கொள்வார். உள்விளிம்பு மட்டும் அளவுக்கு மீறிச் சுட்டால் சக்கரம் உட்பக்கம் அதிகமாகச் சாய்ந்திருக்கிறது என்று பொருள். நடு மட்டும் சுட்டால் காற்று அதிகம். பிறகு டயரைத் தனியே எடுத்துப்போய், ஹீட் கன்னால் சூடுகாட்டி, அதில் ஒட்டிய ரப்பர் குப்பையைத் தகட்டால் சுரண்டி எடுப்பார்கள். வழவழப்பான அந்த டயரில், செய்யும்போதே வைத்த சிறு துளைகள் சில இருக்கும். அவற்றின் ஆழத்தை அளந்தால் எவ்வளவு தேய்ந்தது என்பது தெரிந்துவிடும். தெற்குவாசலிலோ சிம்மக்கல்லிலோ பஞ்சர் கடை வைத்திருக்கும் ஒருவரைக் கூட அழைத்துப் போங்கள். நாம் பார்க்கத் தவறியதையெல்லாம் அவர் பார்த்துச் சொல்வார்.

நம் கண்ணுக்கு மாயம்போல் தெரிவது ஜாக்கி. காரின் உடலில் உள்ள துளை ஒன்றில் காற்றுக் குழாயின் முனையைச் செருகியதும், கார் தன் அடியிலிருந்தே கால்களை ஊன்றி ‘புஸ்’ என்று எழும். முனையை எடுத்துக் காற்றை விட்டால் ‘தொப்’ என்று விழும். அந்தச் சத்தத்துக்கு ஒருமுறை துள்ளாதவர் இல்லை. பல கார்களில் சக்கரத்துக்கு நடுவே ஒரே ஒரு பெரிய நட்டுதான்.

ஓட்டுநர் மாறுவதை நின்ற காரிலேயே பத்து, பதினைந்து தடவை ஒத்திகை பார்ப்பார்கள். இதற்கு அவசியம் காத்திருங்கள். இறங்குகிறவர் தன் உடல்வாகுக்கேற்ற இருக்கை மெத்தையை எடுத்துக்கொண்டு வெளியே வருவார். ஏறுகிறவர் தன்னுடையதைப் போட்டு உட்காருவார். இறங்கியவரே குனிந்து அவருக்குப் பெல்ட்டை மாட்டி, ரேடியோ வயரைச் செருகி, தண்ணீர்க் குழாயைக் கொடுப்பார். ஆறடி மனிதரும் ஐந்தேகால் அடி மனிதரும் ஒரே காரைப் பகிர்ந்துகொள்ளும்போது இந்த மெத்தையில்தான் சிக்கல் வரும். ஒருவர் நிறுத்தற்கடிகாரத்தோடு நின்று, வினாடிகளைச் சொல்லிக்கொண்டே இருப்பார். எரிபொருள் நிரப்புவதை மட்டும் துபாயில் கேரேஜ் வாசலில் தேடாதீர்கள். அங்கே எல்லாக் கார்களும் பெட்ரோல் பங்க் போன்ற பொது இடத்துக்குப் போய் நிரப்பிக்கொள்ளும். லே மானில் அவரவர் வாசலிலேயே நிரப்புவார்கள். நிரப்பி முடித்த பிறகே டயரைத் தொடலாம்.

இரவுப் பயிற்சி இருந்தால் விடாதீர்கள். வளைவுக்கு முன் மிதிக்கும் பிரேக்கில் டிஸ்க் பழுத்த இரும்பாய்ச் சிவப்பதைப் பகலில் பார்க்க முடியாது. முன்விளக்கின் ஒளி எங்கே விழுகிறது என்று சரிசெய்வதும், கதவின் எண் இருட்டில் ஒளிர்கிறதா என்று பார்ப்பதும் அப்போதுதான் நடக்கும்.

கேள்வி கேட்பதற்கும் நேரம் உண்டு. கார் வெளியே ஓடிக்கொண்டிருக்கும்போது மெக்கானிக்குகள் சும்மா நிற்பதுபோலத் தோன்றும். ஆனால் காதில் ரேடியோ இருக்கும். அப்போது கேட்கக் கூடாது. பயிற்சி முடிந்து, காரைத் துடைத்து, தேநீர்க் குவளையை எடுத்த பிறகு கேட்டால் மனம் திறந்து பேசுவார்கள். செட்டிபாளையத்தில் அப்படித்தான் ஒரு கோவைத் தம்பி, நான் சற்று முந்திக்கொண்டு கேட்டபோது, “அண்ணா, ஒரு பத்து நிமிசம் அந்தப் பக்கமா நில்லுங்க, நானே வந்து காட்டறனுங்க” என்றார். சொன்னபடியே வந்து, கழற்றிய பேடைக் கையில் கொடுத்துத் தடவிப் பார்க்கச் சொன்னார். கணினித் திரையையும் காரின் அடிப்பாகத்தையும் படமெடுக்குமுன் கேட்டுவிட வேண்டும். நடிகரின் அணியைப் பார்க்கப் போகிறவர்கள் அந்த ஒரு வாசலையே அடைத்துக்கொண்டு கோஷம் போடுவது வேலைக்கு இடைஞ்சல்; பக்கத்துக் கேரேஜிலும் அதே போர்ஷே அதே கோலத்தில் கழன்று கிடக்கும், அங்கே கூட்டமும் இராது.

மாலையில் ஒரு கேரேஜின் ஷட்டர் பாதிக்கு இறங்கினால், உள்ளே எஞ்சினையோ கியர்பாக்ஸையோ கழற்றப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். குனிந்து எட்டிப் பார்க்காமல் அடுத்த கேரேஜுக்குப் போய்விடுங்கள். முழுக்கத் திறந்திருக்கும் ஒன்று எப்படியும் இருக்கும்.