குழந்தைகள் மருத்துவமனைக்கான பைக் பயணம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மருத்துவமனையில் சிகிச்சை பெறும் குழந்தைகளுக்காக மோட்டார் சைக்கிள் கழகங்கள் நடத்தும் நிதிப் பயணங்களில் நேரும் தவறுகளில் பெரும்பாலானவை சாலையில் நேர்வதில்லை. பல வாரங்களுக்கு முன்பே, எந்த வழியாகப் போவது, பனியனில் என்ன அச்சிடுவது என்று உறுப்பினர்கள் கூடிப் பேசும்போதே அவை தொடங்கிவிடுகின்றன. அந்தப் பேச்சில் குழந்தைகள் வார்டைச் சேர்ந்த ஒருவரும் இருப்பதில்லை. நாள், நேரம், பரிசுப் பொருள் எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்டுக் கடைசியில் மருத்துவமனைக்குத் தகவல் சொல்வதுதான் முதல் தவறு. மற்றவற்றில் பலவும் இதன் பிள்ளைகளே.

வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். மருத்துவமனையின் சமூகப் பணியாளரையோ தன்னார்வலர்களைக் கவனிக்கும் பொறுப்பாளரையோ முதலில் சந்தித்து, அங்கே எது குறைகிறது என்று கேட்க வேண்டும். பதில் பொம்மையாக இல்லாமல், மாதக்கணக்கில் உடன் தங்கும் பெற்றோரின் போக்குவரத்துச் செலவாகவோ படுக்கையருகே போட ஒரு சாய்வு நாற்காலியாகவோ இருக்கலாம். பைக் பயணம் என்றாலே பொம்மை வழங்குவது என்ற எண்ணமும் அவசியமானதல்ல. அமெரிக்காவின் அட்லாண்டாவில் 1984இல் தொடங்கிய ‘ரைடு ஃபார் கிட்ஸ்’ பயணங்கள் குழந்தைகளைத் தாக்கும் மூளைக் கட்டிகள் பற்றிய ஆராய்ச்சிக்காகவே பணம் திரட்டி வந்திருக்கின்றன.

பொம்மைதான் தேவை என்று மருத்துவமனையே சொன்னாலும், கடையில் கண்ணுக்கு அழகாகத் தெரிவதை வாங்கிவிட முடியாது. பஞ்சடைத்த, ரோமம் வைத்த பொம்மைகளைக் கிருமிநீக்கம் செய்வது கடினம். ஆகவே புற்றுநோய் மருந்துகளால் வெள்ளையணுக்கள் குறைந்துபோன குழந்தைகள் இருக்கும் பகுதிகளில் அவற்றை அனுமதிக்கத் தயங்குவார்கள். துடைத்துச் சுத்தம் செய்யக்கூடிய, உறை பிரிக்காத புதிய பொருள்களே அங்கே பயன்படும். வீட்டில் மிச்சமான பழைய பொம்மைகள், எவ்வளவு நல்ல மனத்தோடு தரப்பட்டாலும், வாசலிலேயே நின்றுவிடும். லேட்டெக்ஸ் ரப்பர் பலூன்களும் வேண்டாம்: முதுகெலும்புப் பிளவோடு பிறந்து பல அறுவை சிகிச்சைகளைக் கண்ட குழந்தைகளிடம் லேட்டெக்ஸ் ஒவ்வாமை மற்றவர்களைவிட அதிகம் காணப்படுகிறது. மூன்று வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தொண்டையில் சிக்கும் சிறு பாகங்கள் ஆபத்தானவை என்பது பலருக்கும் தெரியும். பொத்தான் வடிவ பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்திலேயே திசுவை அரிக்கத் தொடங்கிவிடும் என்பதும், விழுங்கப்பட்ட இரண்டு சிறு காந்தங்கள் குடலின் இரு மடிப்புகளுக்கு நடுவே ஒன்றையொன்று இழுத்து ஓட்டை போட்டுவிடும் என்பதும் அந்த அளவுக்குத் தெரிவதில்லை. விளக்கு எரிந்து பாட்டுப் பாடும் பொம்மையை வாங்கும் முன், அதன் பேட்டரி மூடி திருகாணியால் இறுக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

இதில் எப்போதும் மறக்கப்படுபவர்கள் பதின்ம வயதினர். கரடிப் பொம்மைகளும் வண்ணம் தீட்டும் புத்தகங்களும் குவிந்து கிடக்க, பதினைந்து வயதில் படுத்திருப்பவருக்குக் கொடுக்க எதுவும் இருப்பதில்லை. ஹெட்ஃபோன், நீளமான ஒயர் கொண்ட சார்ஜர், ஓவியப் பொருள்கள் போன்றவை அவர்களுக்கு உண்மையிலேயே உதவும்.

அடுத்தது சத்தம். வரிசையாக வந்து மருத்துவமனை வாசலில் ஒரே நேரத்தில் ஆக்ஸிலேட்டரை முறுக்கி முழக்கம் எழுப்புவதை மரியாதை என்று சில கழகங்கள் கருதுகின்றன. மருத்துவமனை வார்டுகளில் இரவு நேரச் சராசரி ஒலி 30 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 1999இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. பகலிலும் நோயாளிகள் இருக்கும் அறைகளில் ஒலியை முடிந்தவரை குறைக்கவே அது வலியுறுத்துகிறது. ஒரே அளவு ஒலி எழுப்பும் 50 பைக்குகள் சேர்ந்து நின்றால், ஒன்று மட்டும் நிற்பதைவிடச் சுமார் 17 டெசிபல் கூடும். சைலன்சரை மாற்றிய வண்டிகள் சேர்ந்தால் இன்னும் மோசம். பச்சிளம் குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவு எந்தப் பக்கச் சன்னலுக்குப் பின்னால் இருக்கிறது என்று சாலையில் நிற்பவருக்குத் தெரியாது. ஆகவே வளாகத்துக்கு வெளியிலேயே எஞ்சினை அணைத்துவிட்டு நடந்து போவதே முறை. ஓடிக்கொண்டிருக்கும் வண்டிகளின் புகை கட்டடத்தின் காற்று உள்வாங்கிகள் வழியாக உள்ளே போகலாம் என்பதும், ஆம்புலன்ஸ் வரும் பாதையை நிறுத்திய வண்டிகள் மறிக்கலாம் என்பதும் இதையே வலியுறுத்துகின்றன.

உள்ளே போகிறவர்கள் எத்தனை பேர், யார் யார் என்பதைக் கழகம் தீர்மானிக்கக் கூடாது. அது வார்டின் உரிமை. சளி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு இருப்பவர்கள் தாங்களாகவே விலகிக்கொள்ள வேண்டும். அறிகுறி இல்லை என்பதும் முழுப் பாதுகாப்பு அல்ல: ஃப்ளூ காய்ச்சல் அறிகுறி தோன்றுவதற்கு ஒரு நாள் முன்பே பரவத் தொடங்கும், சின்னம்மை கொப்புளம் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே தொற்றும். வீட்டில் யாருக்காவது சின்னம்மையோ தட்டம்மையோ வந்திருந்தால் அதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். பல மணி நேரம் சாலைத் தூசியைச் சுமந்த ஜாக்கெட்டையும் கையுறையையும் கழற்றிவிட்டுக் கைகழுவிய பின்பே உள்ளே போக வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை என்று நினைத்திருந்தேன், தேவைப்படுகிறது.

புகைப்படத்தில் பெற்றோரின் எழுத்துச் சம்மதம் மட்டும் போதாது. புரிந்துகொள்ளும் வயதுடைய குழந்தையிடமும் கேட்க வேண்டும்; தயக்கம் தெரிந்தால் கேமராவை உள்ளே வைத்துவிட வேண்டும். பின்னணியில் தொங்கும் பெயர்ப் பலகை, மணிக்கட்டுப் பட்டை, மருந்துக் குறிப்பு ஆகியவை படத்தில் விழுந்துவிடாமல் பார்ப்பதும் அவசியம். முடி உதிர்ந்த முகத்தோடு எடுத்த படம் இணையத்தில் பல ஆண்டுகள் சுற்றும், குழந்தை குணமாகிப் பள்ளிக்குப் போன பின்பும்.

சாலையைப் பொறுத்தவரை, நூறு வண்டிகளை ஒரே கூட்டமாக ஓட்டுவதுதான் பெருந்தவறு. ஐந்து முதல் ஏழு பேர் கொண்ட சிறு குழுக்களாகப் பிரிந்து, முன்னே வழிநடத்துபவரும் கடைசியில் கண்காணிப்பவரும் அனுபவசாலிகளாக இருக்க, ஒன்றுவிட்டு ஒன்றாக இடமும் வலமும் விலகிச் செல்வது நல்லது. பக்கத்து வரிசையில் முன்னால் செல்பவருக்கும் தமக்கும் குறைந்தது ஒரு நொடியும், தம் வரிசையில் நேர் முன்னால் செல்பவருக்கு இரண்டு நொடியும் இடைவெளி வேண்டும். வளைவுகளில் ஒற்றை வரிசைக்கு மாற வேண்டும். எரிபொருள் நிறுத்தங்களை மிகச் சிறிய டேங்க் உள்ள வண்டியைக் கணக்கில் கொண்டு திட்டமிட வேண்டும்.

பணக் கணக்கில் சுணக்கம் காட்டினால் அடுத்த ஆண்டுப் பயணத்தை யாரும் நம்ப மாட்டார்கள். பதிவுக் கட்டணத்தில் பனியனுக்கும் உணவுக்கும் எவ்வளவு போகும், குழந்தைகளுக்கு எவ்வளவு சேரும் என்பதைப் பணம் வாங்கும் முன்பே அறிவிக்க வேண்டும். உண்டியலை எப்போதும் இருவர் சேர்ந்தே எண்ண வேண்டும். தொகையை மருத்துவமனையின் அறக்கட்டளைக் கணக்கில் நேரடியாகச் செலுத்தி, ரசீதை உறுப்பினர்கள் அனைவரும் பார்க்கும்படி வைக்க வேண்டும். ‘அடுத்த மாதமும் வருவோம்’ என்று வார்டில் யாரும் சொல்லிவிடாமல் முன்கூட்டியே எச்சரிப்பதும் இந்தக் கணக்கைச் சேர்ந்ததுதான்: உறுப்பினர் அதை மறந்துவிடுவார், படுக்கையில் இருக்கும் குழந்தை நாள்களை எண்ணிக்கொண்டிருக்கும்.